இன்று அடுப்பில் இருப்பது

மைனஸ் எண்பதிலிருந்து எடுக்கும்போது
குப்பி விரலைக் கவ்வுகிறது,
இரண்டு கையுறைகளையும் தாண்டி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சாஸ்கட்டூனில் பிப்ரவரி என்றால்
ஃப்ரீசருக்கும் தெருவுக்கும்
ஏறக்குறைய ஒரே குணம்.

பீங்கான் கல்வத்தில் திரவ நைட்ரஜன் ஊற்றி
கட்டியிலிருந்து பயறளவு ஒரு துண்டைப் போட்டு
இடிக்கிறேன்.
பனங்கற்கண்டு உடைவதுபோல ஒரு சத்தம்.
உருகினால் போயிற்று.
பேசாதே என்பாள் மிரெய்.
எச்சிலில், வியர்வையில், விரல்நுனித் தோலில்
ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதி இருக்கிறது.
படிக்க வந்த கையே
எழுத்தை அழித்துவிடும்.

அப்படி என்னதான் படிக்கிறாய் என்று
அக்கா தொலைபேசியில் கேட்டாள்.
ஓட்டல் மெனு அட்டையை நினைத்துக்கொள் என்றேன்.
அடை அவியல் முதல் வெங்காய ரவா வரை
நூற்றுப் பன்னிரண்டு அயிட்டம் அச்சாகியிருக்கும்,
எல்லா மேசையிலும் அதே அட்டை.
"இன்னிக்கு என்ன இருக்கு?" என்று
சர்வரைக் கேட்டால்தான் தெரியும்.
கண்ணிலும் அந்த அட்டைதான்,
ஈரலிலும், முலையிலும்.
அடுப்படிக்குப் போகும் துண்டுச்சீட்டுகளை
வழியில் மறித்து எண்ணுகிறேன் நான்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"நாய்க்கா?" என்றாள்.
நாய்க்குத்தான்.

மாதிரி எண் பதினேழு.
பெயர் எழுதக் கூடாது என்பது விதி.
யாரோ சீட்டின் முதுகில் பென்சிலால் எழுதிவிட்டார்கள்:
டூனி.
இரண்டு டாலர் நாணயத்தின் பெயர்.
மூஸ் ஜாவுக்கு அப்பால் ஒரு கூண்டுப் பண்ணையில்
ஆறு ஈற்றுப் போட்டு ஓய்ந்தபின்
அந்த விலைக்குத்தான் தள்ளிவிட்டார்களாம்.
பத்துக் காம்பு, இரண்டு வரிசை.
இடப்பக்கம் நான்காவதில் கட்டி.
இரண்டாவதில் ஒன்றுமில்லை.
நான்காவது சொல்வதைச் சரிபார்க்க
இரண்டாவதுதான் சாட்சி.

எண்ண ஓர் அளவுகோல் வேண்டும்.
வீட்டுவேலை ஜீன்கள் என்று சில உண்டு.
சர்க்கரையை உடைப்பது, செல்லின் சட்டகம் கட்டுவது,
விருந்தானாலும் துக்கமானாலும்
நாள்தோறும் அதே அளவு.
அவற்றைப் பற்றி யாரும் ஆய்வேடு எழுதுவதில்லை.
மற்றது கூடிற்று, குறைந்தது என்று
அவற்றின் மேல் சாய்ந்துகொண்டுதான் சொல்கிறோம்.

டூனியை வளர்க்கும் டார்லீன் ஃபேர்
தானிய லாரி ஓட்டுபவள்.
படிவத்தில் "நடத்தையில் மாற்றம்?" என்ற கட்டம் போதாமல்
ஓரத்தில் சரித்து எழுதியிருக்கிறாள்:
ஒன்றுமில்லை. எப்போதும்போலத் தின்கிறாள்.
ஐந்தரைக்கு எழுப்பிவிடுகிறாள்.
லாரியில் ஏறியதும்
ஹீட்டர் துளைமேல் மூக்கை வைக்கிறாள்.

மூன்று வாரம், பதினொரு தட்டுகள்,
தட்டுக்குத் தொண்ணூற்றாறு குழி.
நேற்று மாலை திரையில் கோடுகள் எழுந்தபோது
முதலில் நான் நம்பவில்லை.
கட்டியில் அந்தச் சர்க்கரை உடைக்கும் ஜீன்
இரண்டு சுற்று முன்னதாகவே எழுந்துவிட்டது.
இரண்டு சுற்று என்றால் நான்கு மடங்கு.
வீட்டுவேலையே வெறிபிடித்து நடந்திருக்கிறது.
அளவுகோல் நீண்டுவிட்டது, எனக்குத் தெரியாமல்.
அதை வைத்து அளந்ததெல்லாம்
குட்டையாய்த் தெரிந்திருக்கிறது.

மிரெய் குனிந்து பார்த்தாள்.
"வேறு மூன்று ஜீன் தேடு" என்றாள்,
பனிக்காலணியை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

படிவத்தை மறுபடி எடுத்தேன்.
எப்போதும்போல.
அந்தச் சொல்லின் மேல் விரல் நின்றது.
ஆறாம் மாதப் பரிசோதனைக் கட்டம்
இன்னும் காலி.

சன்னலுக்குக் கீழே கார்கள்,
எஞ்சின் உறையாமலிருக்க
கம்பத்து மின்சாரத்தில் கயிறு மாட்டி
கட்டிப்போட்டபடி, வாசலைப் பார்த்தபடி.

பதினேழில் பயறளவு இன்னும் ஒன்று
மிச்சமிருக்கிறது.
ஒரே ஒருமுறை கேட்கலாம்.
கல்வத்தைக் குளிர வைக்கிறேன்.